ஆதியில் பெற்றவர்

எழும்பூரில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு நான் முதன்முதலில் போனது ஒரு வீரரைத் தேடிக்கொண்டு. அந்த வீரர் வேறு யாரும் அல்லர். என் முன்னோர்களில் ஒருவர்.

எங்கள் பூர்வீகம் உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போக வாசகர்களுக்கே விளங்கும். என் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி, இரவில் திண்ணையில் படுத்துக்கொண்டு அந்த வீரரின் கதையைச் சொல்லுவாள். ஆற்காட்டு நவாபின் பட்டாளம் வந்து கோட்டையை வளைத்துக்கொண்டதாம். பாளையக்காரர் தப்பிக்க வழி தெரியாமல் திகைத்து நின்றாராம். எங்கள் முன்னோர் அவரைத் தோளில் சுமந்துகொண்டு முட்காட்டு வழியாக விடிய விடிய நடந்து கொள்ளிடத்தைக் கடத்திவிட்டாராம். பிறகு நல்ல காலம் பிறந்து பாளையக்காரர் திரும்பி வந்தபோது இரண்டு காணி நிலத்தை அவருக்கு மானியமாக எழுதிக் கொடுத்தாராம்.

இந்தக் கதையை வைத்து ஒரு தொடர்கதை எழுத ஒப்புக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் விளம்பரம்கூட வந்துவிட்டது. மூன்று அத்தியாயங்கள் எழுதிய பிறகு, சரித்திரப் பின்னணிக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு பூசினால் நன்றாக இருக்குமே என்றுதான் காப்பகத்தின் படியேறினேன்.

பின்னணி கிடைப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. 1765-ஆம் ஆண்டு ஜனவரியில் நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ராவும், கம்பெனியாரின் தளபதி டொனால்டு காம்ப்பெல்லும் படையோடு வந்து அரியலூரைப் பிடித்தார்கள். பிறகு உடையார்பாளையத்தின் மேல் போனார்கள். இரண்டு பாளையக்காரர்களும் ஊரை விட்டு ஓடி, டேனிஷ்காரர்களின் வசத்திலிருந்த தரங்கம்பாடியில் அடைக்கலம் புகுந்தார்கள். இவ்வளவும் அச்சான புத்தகங்களிலேயே இருக்கிறது. அப்பாயி சொன்ன கதையின் சுவர் நிஜச் சுவர்தான். அதற்குள் குடியிருந்த ஆளைத்தான் காணோம்.

அந்த வாசக அறையில் எனக்கு எதிரே ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். சிவந்த முகம், காதில் மெஷின், கையில் பூதக்கண்ணாடி. இரண்டு நாள் புன்னகை செய்துகொண்டோம். மூன்றாம் நாள் தேநீர்க் கடையில் பேசினோம். அவர் அயர்லாந்துக்காரர். அவருடைய முப்பாட்டனார் கம்பெனிப் பட்டாளத்தில் சிப்பாயாகச் சென்னைக்கு வந்தவராம். சென்னையில் கம்பெனியார் வைத்திருந்த ஐரோப்பியப் பட்டாளம் ஒன்று, பம்பாய்ப் பட்டாளம் ஒன்றோடு சேர்ந்து 1881-ல் ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் என்ற பெயரில் அயர்லாந்துப் பட்டாளமாகவே ஆகிவிட்டது என்பதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

"உங்கள் ஊரிலேயே தேடியிருக்கலாமே? இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்கள் ஊரில் எரிந்துவிட்டது" என்றார் அவர்.

1922-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி, உள்நாட்டுச் சண்டையின்போது, டப்ளினில் நீதிமன்றங்களோடு சேர்ந்திருந்த அரசாங்க ஆவணச்சாலை வெடித்துத் தீப்பிடித்தது. எழுநூறு ஆண்டுக் காகிதங்கள் ஒரே நாளில் போயின. கரிந்த தாள்கள் நகரத்துக்கு மேலே காக்கைக் கூட்டம் போலப் பறந்தனவாம். 1821 முதல் 1851 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த ஜனக் கணக்குகளில் பெரும்பகுதி அந்தத் தீயில் அழிந்தது. அதற்குப் பிந்திய நான்கு கணக்குகளின் மூலத் தாள்களை அரசாங்கமே வைத்துக் காப்பாற்றவில்லை. ஆகவே முழுசாக இருப்பது 1901-ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்துதான்.

"அப்படியானால் உங்கள் ஜனங்கள் பாட்டன் பெயரை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?"

கிழவர் சிரித்தார். "வரிக்காரன் புண்ணியத்தால்" என்றார்.

1847 முதல் 1864 வரை கிரிப்பித் என்பவரின் மேற்பார்வையில் அயர்லாந்து முழுவதும் நிலங்களையும் வீடுகளையும் மதிப்பிட்டு அச்சிட்டிருக்கிறார்கள். எந்த நிலத்தை யார் குத்தகைக்கு வைத்திருந்தார், யாரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார் என்று வரி போடுவதற்காக எழுதிய கணக்கு அது. பஞ்சத்தில் செத்தவர்களும் கப்பலேறியவர்களும் போக மிஞ்சியவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அத்தோடு மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவேடுகளும் உண்டு. டப்ளின் தேசிய நூலகத்தார் 1950-களிலிருந்து அவற்றைப் படச்சுருளில் பிடித்து வைத்தார்கள். இவற்றையெல்லாம் துழாவித்தான் கிழவர் தம் வம்சத்தை ஆறு தலைமுறைக்குக் கொண்டுபோயிருந்தார்.

"உங்கள் பாட்டனாரின் பாட்டனார் பெயர் என்ன?" என்று அவர் கேட்டார்.

நான் விழித்தேன். வீரரின் கதை தெரியும். அவருடைய பெயர் தெரியாது. அவருக்கும் என் பாட்டனாருக்கும் நடுவில் இருந்தவர்கள் ஒருவரையும் தெரியாது. திதி கொடுக்கும்போது சொல்லுகிற மூன்று தலைமுறைப் பெயர்களோடு என் சரித்திரம் முடிந்துவிட்டது. ஊரே தீப்பற்றி எரிந்தவர் ஆறு தலைமுறை சொல்லுகிறார். ஒன்றும் எரியாத நான் மூன்றோடு நிற்கிறேன். அன்று தேநீர் கசந்தது.

ஒன்றும் எரியாதவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்வதும் சரியல்ல. ஆடிப்பெருக்கில் நாம் ஆற்றில் விட்ட ஏடுகள் எத்தனை! கரையானுக்குக் கொடுத்தவை எத்தனை! ஜனத்தொகைக் கணக்கோ நமக்குப் பயன்படாது. நம் வீட்டைப் பற்றிக் கணக்கெடுப்பவர் எழுதிக்கொண்டு போகும் தாளை வேறொருவர் பார்க்க 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. ஆனாலும் தேடுகிறவனுக்கு வழிகள் உண்டு. காசியிலும் கயையிலும் பண்டாக்கள் வைத்திருக்கும் பேரேடுகள் உண்டு. ஜாதக ஏடுகள் உண்டு. சென்னையில் 1869-ல் ஏற்பட்ட அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் உண்டு.

அந்தச் சுவடி நூலகத்திலிருந்துதான் நான் தொடங்கினேன். காலின் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்துக்காரர் நிலம் அளக்க வந்த இடத்தில் ஊர் ஊராகக் கதைகளைத் திரட்டினார். காவலி வெங்கட போரையா, அவருடைய தம்பி லட்சுமையா முதலிய நம்மவர்களே அவருக்குக் கண்ணும் காதுமாக இருந்து எழுதிச் சேர்த்தார்கள். 1821-ல் மெக்கன்சி இறந்த பிறகு அந்தத் திரட்டு பல இடங்களுக்குப் பிரிந்து போயிற்று. ஒரு பெரும் பகுதி சென்னையில் இருக்கிறது. தென்னாட்டுப் பாளையக்காரர்களின் வம்சாவளிகள் பல அதில் உண்டு.

அவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு சந்தேகம் தட்டிற்று. வம்சாவளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சாக இருந்தன. ஆதிபுருஷர் ஒருவர் வடக்கேயிருந்து வருவார். ராயர் சமூகத்தில் ஒரு சாகசம் செய்வார். பட்டமும் பாளையமும் பெறுவார். இவர்கள் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டார்களா? அப்படிச் சொல்ல முடியாது. கேட்டவர்கள் கம்பெனியார், "இந்தப் பூமிக்கு உனக்கு என்ன பாத்தியதை?" என்பது அவர்கள் மனத்திலிருந்த கேள்வி. பாளையக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே பாத்தியதையை நிலைநாட்டும் கதையைத்தான் சொன்னார்கள். உடையார்பாளையத்துக்குக் கம்பெனியார் நிரந்தர சன்னது கொடுத்தது 1817-ல். அந்தக் காலத்தில் வம்சக் கதை என்பது பொழுதுபோக்கு அல்ல, சொத்துப் பத்திரம்.

இந்த எண்ணம் வந்தவுடனே நான் என்னையே கேட்டுக்கொண்டேன்: அப்பாயி சொன்ன கதை யாருக்காகச் சொன்னது?

இதற்கு விடை இனாம் ரிஜிஸ்தரில் இருந்தது. 1858-ல் சென்னை அரசாங்கத்தார் இனாம் கமிஷன் என்று ஒன்றை நியமித்தார்கள். வரியில்லாமலோ குறைந்த வரியிலோ அனுபவித்துவந்த மானியங்களை ஒவ்வொன்றாக விசாரித்து எழுதியது அந்தக் கமிஷன். கொடுத்தவர் யார், எந்த வருஷம், எதற்காக, ஆதியில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவருடைய வயது என்ன, அவருக்கு ஆதியில் பெற்றவர் என்ன உறவு என்று ஒவ்வொரு மானியத்துக்கும் கேள்வி மேல் கேள்வி. குடும்ப வரலாறு தேடுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அயர்லாந்துக் கிழவருக்குக் கிரிப்பித் துரை செய்த உபகாரத்தை எனக்கு இனாம் கமிஷனர் செய்தார்.

ஆனால் எடுத்தவுடன் கிடைத்துவிடவில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தார் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995-ல். அரியலூர் மாவட்டம் இப்போதுள்ளபடி அமைந்தது 2007-ல். பழைய காகிதங்களில் எல்லாமே திருச்சிராப்பள்ளி ஜில்லா. எங்கள் ஊரின் பெயரிலேயே அந்தப் பக்கத்தில் மூன்று ஊர்கள் இருந்தன. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. ரிஜிஸ்தரில் எங்கள் ஊரைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கண்டுபிடித்தேன். இரண்டு காணி புன்செய் இருந்தது. கொடுத்தவர் பாளையக்காரர் என்பதும் சரியாக இருந்தது. "எதற்காக" என்ற இடத்தில் வீரத்துக்காக என்று இல்லை. தண்ணீர்ப் பந்தல் தர்மம் என்று இருந்தது. கோடைக் காலத்தில் பாதையில் போகிறவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்க வேண்டும். தர்மம் நடக்கிறவரையில் நிலத்தை அனுபவிக்கலாம். ஆதியில் பெற்றவர் என்ற இடத்தில் இருந்தது ஒரு பெண்ணின் பெயர்.

அந்தத் தாளை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நிலத்தை அனுபவித்தவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்தப் பெண்ணின் மகள் வயிற்றுப் பேரர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அம்மாள், நவாபின் படை வந்தபோது சிறுமியாகவோ இளம்பெண்ணாகவோ இருந்திருக்க வேண்டும். அதாவது கதையின் காலம் சரி, இடம் சரி, நிலம் சரி. ஆள்தான் மாறிப்போயிருந்தார்.

அவர்தான் என் மூதாதை என்று எப்படி உறுதி செய்வது? நம்மவர்களின் பழக்கம் ஒன்று இங்கே கைகொடுத்தது. பாட்டன் பெயரைச் சுமப்பவன் பேரன். எங்கள் குடும்பத்திலும் இரண்டே பெயர்கள்தாம் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை மாறி மாறி வந்திருக்கின்றன. அயர்லாந்திலும் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைப்பார்களாம், கிழவர் சொன்னார். ஆனால் பெயர் ஒத்துப்போவதை மட்டும் நம்பினால் பங்காளி வீட்டுப் பாட்டனையும் நம் பாட்டனாக்கிக்கொள்ள நேரும். பழைய கிரயப் பத்திரங்கள்தாம் சந்தேகத்தைத் தீர்த்தன. "இன்னார் பேரன், இன்னார் குமாரன்" என்று பத்திரம் எழுதுகிறவர்கள் விடாமல் எழுதியிருந்தார்கள். ரிஜிஸ்தரில் கண்ட ஐம்பத்திரண்டு வயதுக்காரர் என் தந்தையின் பாட்டனாருக்குப் பாட்டனார்.

கடைசிப் பத்திரம் என் தாத்தா எழுதிக் கொடுத்தது. அதில் அந்த இரண்டு காணியும், முன்னோர் செய்த சேவகத்துக்காகக் கிடைத்துப் பரம்பரையாக அனுபவித்துவரும் சொந்தப் பூமி என்று கண்டிருந்தது. தண்ணீர்ப் பந்தலைப் பற்றி மூச்சுப் பேச்சு இல்லை.

வாசகர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். இனாம் கமிஷனார் மானியங்களை இரண்டு விதமாகப் பார்த்தார்கள். ஒருவருடைய சொந்த அனுபோகத்துக்காகக் கிடைத்த மானியத்துக்கு ஒரு சிறு தீர்வையைக் கட்டிவிட்டால் அது விற்கவும் வாங்கவும் தகுந்த சொத்தாகிவிடும். தர்மத்துக்காகக் கிடைத்த மானியம் அப்படி அல்ல. தர்மம் நின்றால் நிலத்துக்கு உள்ள உரிமையும் ஆட்டம் கண்டுவிடும். எங்கள் வீட்டில் ஏதோ ஒரு தலைமுறையில் தண்ணீர்ப் பந்தல் நின்றுபோயிருக்கிறது. அதற்குப் பிறகு, பந்தல் வைத்த அம்மாளால் குடும்பத்துக்கு ஆபத்து. பாளையக்காரரைத் தோளில் சுமந்த ஒரு வீரரால் லாபம். அப்படித்தான் வீரர் பிறந்திருக்கிறார்.

அந்த நிலத்தை விற்ற பணத்தில்தான் என் அப்பா திருச்சிக்குப் போய்ப் படித்தார். அவர் படித்ததனால்தான் நானும் கல்லூரிப் படியேறினேன். நான்கு எழுத்து எழுதிப் பிழைக்கிறேன். அயர்லாந்துக் கிழவரிடம் இதைச் சொன்னபோது அவர் என் தோளைத் தட்டினார். தம் முப்பாட்டனாரைத் தளபதி என்று வீட்டில் எல்லாரும் நம்பியிருந்ததாகவும், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள சென்னை மாதாகோயில் பதிவேட்டுப் பிரதியில் அவர் வெறும் சிப்பாய் என்று கண்டதாகவும் சொன்னார். "வீட்டில் சொன்னீர்களா?" என்றேன். "என் அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை" என்றார்.

எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார், என் பெரியப்பா. எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. ஊரில் அதே வீட்டில் இருக்கிறார். கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் வீரரின் கதையைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். அவரிடம் சொல்லுவதா வேண்டாமா என்று இரண்டு மாதம் தவித்தேன். உத்தமதானபுரம் சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். அவர் சிறு பிள்ளையாக அரியலூரிலும் குன்னத்திலும் படித்த காலம், ஏறக்குறைய எங்கள் பக்கத்து மானியங்களை எழுதிக்கொண்டிருந்த அதே காலம். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதியபோது, ஆதரிப்பவர்களை நாடி ஊர் ஊராகக் குடும்பம் அலைந்ததை அவர் மறைக்கவில்லை. ஏடு தேடிய கைக்கு அந்த நேர்மை வந்துவிடும் போலிருக்கிறது. நான் ஊருக்குப் போனேன்.

பெரியப்பா முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மாளின் பெயரைச் சொன்னபோது மட்டும் தலை நிமிர்ந்தார்.

"அந்தப் பேரா? நம்ம வீட்டுல தலைமுறைக்கு ஒரு பொண்ணுக்கு அந்தப் பேர வைக்காம விட்டதில்லையே. உன் பெரிய அத்தை பேரே அதுதானப்பா" என்றார்.

"ஏன் வைக்கிறோம் பெரியப்பா?"

"யாருக்குத் தெரியும்? வைக்கணும்னு சொல்லுவாங்க. வைக்கிறோம்."

சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார். எங்கள் குலதெய்வத்தின் கோயில் பழைய வண்டிப்பாதை ஓரத்தில் இருக்கிறது. கோயில் என்றால் கோபுரம் இல்லை. தூர்ந்துபோன ஒரு கிணறு, ஒரு சுமைதாங்கி, மஞ்சள் பூசிய ஒரு கல். பங்குனியில் பொங்கல் வைப்போம். அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒரு பானை நீர்மோர் கரைத்துக் கல்லின் முன்னால் வைக்க வேண்டும். முதல் சொம்பு மோரைச் சாமிக்கு ஊற்றக் கூடாது. நம் ஜனத்துக்கும் கொடுக்கக் கூடாது. பாதையில் போகிற அயலார் ஒருவரை நிறுத்திக் கொடுக்க வேண்டும். அவர் குடித்த பிறகுதான் அடுப்பு. சிறுவனாக இருந்தபோது, வெயிலில் அந்த அயலாருக்காகக் காத்துக் காத்து எனக்குப் பசியில் கண் இருண்டது ஞாபகம் வந்தது. எத்தனையோ தடவை அந்தக் கல்லின் முன்னால் நின்றிருக்கிறேன். அது யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் இருக்கின்றன. இந்த நாட்டில் அது அவ்வளவு பழைய தர்மம். எங்கள் வீட்டு ஆண்கள் அதைப் பத்திரத்திலிருந்து அழித்துவிட்டார்கள். பெண்களுக்குப் பெயர் வைத்தவர்களும் மோர் கரைத்தவர்களும் அழிக்கவில்லை. காரணம் தெரியாமலே காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

"அப்ப நாம பொய் சொல்லித்தான் நெலத்த வித்தமா?" என்று பெரியப்பா கேட்டார்.

என்ன பதில் சொல்லுவது? ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், மிஞ்சிய இனாம்கள் 1963-ஆம் ஆண்டுச் சட்டங்களாலும் ஒழிந்துபோயின. நிலத்தை வாங்கியவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். தலைமுறையாக உழுது பாடுபடுகிறவர்கள். அவர்களுக்கு என் ஆராய்ச்சியால் ஒரு சஞ்சலமும் வரக் கூடாது. அதனால்தான் ஊரின் பெயரைச் சொல்லவில்லை. இதையெல்லாம் பெரியப்பாவிடம் சட்டம் பேசுகிறவன் போல விளக்கினேன். அவர் காதில் வாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

தொடர்கதை அதோடு நின்றுபோயிற்று. "வீரர் இல்லாமல் எப்படிக் கதை?" என்று பத்திரிகை ஆசிரியர் வருத்தப்பட்டார். அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த பாக்கிக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதிக் கொடுத்தேன்.

பங்குனி கடைசியில் பெரியப்பாவின் பேரன் டெலிபோன் செய்தான். தாத்தா ஊரின் முகப்பில், மெயின் ரோட்டில், கீற்றுக் கொட்டகை போட்டு இரண்டு மண்பானையும் குழாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் பீப்பாயும் வைத்திருக்கிறாராம். நான் போய்ப் பார்த்தேன். அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, இரண்டு சொம்பு மோரை மடமடவென்று குடித்துவிட்டு, "யாரு பெரியவரே இத வச்சது? எதுனா கட்சியா?" என்று கேட்டான்.

பெரியப்பா அந்த அம்மாளின் பெயரைச் சொன்னார்.